விட்டுவிடுதலும் விடுபடுதலும்: பனிக்கட்டிக்குக் கீழுள்ள ஒரு மீனை முன்வைத்துச் சில அறவியற் சிந்தனைகள்

பிற உயிர்களை மனிதன் நடத்தும் முறை பற்றிய அறவியல் விவாதங்கள் பெரும்பாலும் இரண்டு வினைகளைச் சுற்றியே எழுந்துள்ளன. ஒன்று கொல்லுதல், மற்றையது உண்ணுதல். திருக்குறள் புலால் மறுத்தலையும் கொல்லாமையையும் தனித்தனி அதிகாரங்களாக வகுத்திருத்தல் நாம் அறிந்ததே. ஆயின், கொல்லும் எண்ணமுமின்றி, உண்ணும் தேவையுமின்றி, ஓர் உயிரைப் பிடித்துச் சிறிது நேரம் கையில் வைத்திருந்து, பின்னர் அது வந்த நீரிலேயே விட்டுவிடும் செயலை எவ்வகையில் வைத்து ஆராய்வது? கொல்லாமைக்கு முன்னதாக வைக்கப்பட்டுள்ள இன்னாசெய்யாமை என்னும் அதிகாரமே இதற்குப் பொருந்தும் எனத் தோன்றுகின்றது. ஆயினும் செய்தவன் தான் இன்னா எதுவும் செய்யவில்லை என்றே சொல்வான். ‘நான் விட்டுவிட்டேன்’ என்பதே அவனது விடை. விட்டுவிட்டவன் விடுபட்டவனாவானா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

இவ்வினாவைப் பொதுப்படையாக ஆராய்வதிலும் பார்க்க ஒரு குறிப்பிட்ட உயிரை முன்வைத்து ஆராய்தல் பயனுடையது. இதற்கென வட அமெரிக்காவின் நன்னீர் ஏரிகளில் வாழும் மஸ்கலஞ் என்னும் மீனைத் தெரிந்துகொண்டேன். மீன்பிடிப்போர் இதனைச் சுருக்கமாக மஸ்கி என்பர். அம்மீன் குளிர்காலத்தில் உறைந்த ஏரியின் கீழ் எவ்வாறு வாழ்கின்றது என்பதும், மேலே நிற்கும் மனிதன் அதனோடு எவ்வாறு தொடர்புறுகின்றான் என்பதும் மேற்கூறிய வினாவின் பல பக்கங்களைத் தெளிவாகக் காட்டுகின்றன. உறைந்த ஏரியைக் கண்ணாற் கண்டிராத நமக்கு அச்சூழலைச் சற்று விரித்துரைத்தல் அவசியமாகும்.

1

நீரின் பௌதிக இயல்புகளுள் ஒன்று உயிர்களுக்குப் பெருந்துணையாக அமைந்துள்ளது. ஏனைய பல திரவங்களைப் போலக் குளிரக் குளிரத் தொடர்ந்து அடர்த்தி மிகாமல், நீர் 4 பாகை செல்சியசில் தன் உச்ச அடர்த்தியை அடைகின்றது. அதற்கு மேலுங் குளிர்ந்தால் அது இலேசாகி மேலெழுகின்றது. எனவே ஏரி மேற்பரப்பிலிருந்தே உறைகின்றது, பனிக்கட்டி மிதக்கின்றது. பனிக்கட்டியை ஒட்டிய நீர் ஏறத்தாழ 0 பாகையிலும் அடிநீர் ஏறத்தாழ 4 பாகையிலும் இருக்கும். மேலே காற்று உறைநிலைக்குக் கீழே இருபது முப்பது பாகைக்கு இறங்கினாலும் கீழே ஒரு நிலையான உலகம் நிலவுகின்றது. அவ்வுலகுக்கும் இடர் உண்டு. பனிக்கட்டியின் மீது வெண்பனி தடித்துப் படியுமிடத்து ஒளி உட்செல்வதில்லை. நீர்த்தாவரங்களின் ஒளித்தொகுப்பு நின்றுபோகின்றது. ஆழங்குறைந்த ஏரிகளில் ஒட்சிசன் படிப்படியாகக் குறைந்து, சில ஆண்டுகளில் மீன்கள் கூட்டங்கூட்டமாக மடிவதும் உண்டு.

இந்நீரிலேயே மஸ்கி தன் குளிர்காலத்தைக் கழிக்கின்றது. பைக் குடும்பத்தின் மிகப் பெரிய இனம் இது. ஒரு மீற்றருக்கு மேல் வளரக் கூடியது, பதுங்கியிருந்து பாய்ந்து இரை பற்றுவது, தனித்து வாழ்வது. ஒஜிப்வே மக்களின் மொழியிலிருந்தே அதன் பெயர் வந்தது. பத்தாயிரம் முறை தூண்டில் எறிந்தாற்றான் ஒருமுறை அகப்படும் மீன் என்று அதனைப் பற்றி ஒரு வழக்கு உண்டு. விஸ்கொன்சின் மாநிலம் 1955 ஆம் ஆண்டு அதனைத் தனது மாநில மீனாக ஏற்றுக்கொண்டது.

மீனின் உடல் வெப்பநிலை சூழலின் வெப்பநிலையைப் பின்பற்றுவதாதலால், நீர் குளிரக் குளிர அதன் அனுசேபம் தணிகின்றது. உண்ட இரை சமிப்பதற்கு நெடுநேரம் செல்கின்றது. இரையின் தேவையும் குறைகின்றது. வானொலி அலை பரப்பும் கருவிகளைப் பொருத்தி மஸ்கி மீன்களைப் பின்தொடர்ந்த ஆய்வுகள், குளிர்காலத்தில் அவற்றின் நடமாட்டம் குறைவதைக் காட்டியுள்ளன. எனினும் அது உறக்கமன்று. மீன் மெல்ல நகர்கின்றது. வாய்ப்பான இரை மிக அருகே வந்தால் பற்றுகின்றது. அதன் நெருங்கிய உறவினமாகிய வட பைக், பனிக்கட்டியின் கீழும் ஊக்கத்துடன் இரை தேடுவது. மஸ்கியோ அரிதாகவே தூண்டிலை நாடும். பெண் மீனின் உடலில் வசந்தத்தில் இடவேண்டிய முட்டைகள் இக்காலத்திலேயே முதிர்ந்துகொண்டிருக்கின்றன. வெளியிலிருந்து நோக்குவோனுக்கு வெறும் மந்தமாகத் தோன்றும் இந்நிலை, உண்மையில் ஒரு சிக்கனம். சேமித்து வைத்த ஆற்றலை அளந்து செலவிட்டு அடுத்த பருவத்தை அடையும் முயற்சி அது.

2

இவ்வாழ்வின் மேற்கூரையில் மனிதன் துளையிடுகின்றான். குளிர்கால மீன்பிடி முறைகளுள் இரண்டு நமது ஆய்வுக்கு இன்றியமையாதவை. முதலாவது, துளையின் மேல் வைக்கப்படும் ஒரு பொறி. உயிருள்ள சிறு மீன் இரையாக நீருள் தொங்கும். பெரிய மீன் அதைப் பற்றியதும் மேலே ஒரு சிறு கொடி நிமிரும். ஒருவர் ஒன்றுக்கு மேற்பட்ட பொறிகளை வைத்துவிட்டுத் தூரத்தே குளிர்காய்ந்திருத்தலும் கூடும். கொடி நிமிர்ந்ததைக் கண்டு அவர் ஓடிவருவதற்குள் மீன் இரையைத் தூண்டிலோடு விழுங்கிவிடுதல் எளிது. இரண்டாவது, இருட்குடில் முறை. பனிக்கட்டியில் அகன்ற துளையொன்றை வெட்டி, அதன் மேல் ஒளிபுகாத சிறு குடிலை அமைப்பர். குடிலுள் இருள் நிறைந்திருக்க, கீழேயுள்ள நீர் வெளியொளியால் விளங்கித் தோன்றும். மரத்தாற் செய்த போலி மீனை நீருள் அசைத்து, நாடி வரும் மீனை ஈட்டியாற் குத்துவர். ஒஜிப்வே மக்கள் நெடுங்காலமாகக் கையாண்ட கலை இது, உணவுக்கான கலை.

விஸ்கொன்சினிலும் மினசோட்டாவிலும் மஸ்கியைப் பிடிக்கும் பருவம் பொதுவாக ஆண்டின் இறுதிக்குள் முடிந்துவிடுகின்றது. பைக் மீனைப் பிடித்தற்குப் பனிக்காலத்திலும் இசைவு உண்டு. மினசோட்டாவில் இருட்குடிலில் இருந்து பைக்கை ஈட்டியாற் குத்தலாம். மஸ்கியைக் குத்துதல் குற்றம். ஆனால் இவ்விரண்டும் ஒன்றையொன்று பெரிதும் ஒத்தவை. பைக்கின் கருமை படர்ந்த உடலில் வெளிறிய புள்ளிகள் உண்டு. மஸ்கியின் வெளிறிய உடலில் கருமையான குறிகள் உண்டு. பைக்கின் வாற்செட்டை முனைகள் உருண்டவை, மஸ்கியினுடையவை கூரியவை. கீழ்த்தாடையின் ஒரு பக்கத்தில் பைக்குக்கு ஐந்து அல்லது அதற்குக் குறைந்த நுண்டுளைகளும் மஸ்கிக்கு ஆறு முதல் ஒன்பது வரையிலான நுண்டுளைகளும் உள்ளன. இவ்வேறுபாடுகளை நூலில் படிப்பது எளிது. ஈட்டியை ஓங்கியிருப்பவனுக்கு முன் மங்கலான நீரில் ஒரு நீண்ட நிழல் மெல்ல வந்து நிற்கும்போது தாடைத் துளைகளை எண்ண இயலாது. அந்நொடியில் அவன் செய்யத்தக்கது ஒன்றே: ஐயமிருப்பின் ஈட்டியை விடாமை.

கொடிப்பொறியில் அகப்படும் மஸ்கிக்கு நேர்வது வேறு. யாரும் அதனை நாடிப் பொறி வைக்கவில்லை, எனினும் அகப்பட்டுவிட்டது. சட்டப்படி அதனை விட்டுவிட வேண்டும். பலர் மனமுவந்தே விட்டுவிடுகின்றனர். ஆயின் விடுவதற்கு முன்னர் நடப்பவை பல. நீண்ட உடலைக் குறுகிய துளைவழியே மேலே இழுக்கின்றனர். உறைநிலைக்கு மிகக் கீழான காற்று அதன் ஈரமான பூக்களையும் (மூச்சுறுப்பாகிய செவுள்களையே இவ்வாறு குறிப்பிடுகின்றேன்) கண்களையும் தாக்குகின்றது. நுண்ணிய இழைகளாலான அவ்வுறுப்பு சிறிது நேரத்தில் உறையத் தொடங்கும். ஒளிப்படம் எடுக்கப்படுகின்றது. பின்னர் மீன் துளைக்குள் நழுவவிடப்படுகின்றது. அது வாலை அசைத்து இருளில் மறைகின்றது. நிற்பவர் மகிழ்ச்சியுறுகின்றார். அம்மகிழ்ச்சி பொய்யானதன்று.

ஆனால் மறைந்த மீன் என்னவாயிற்று? இவ்விடத்தில் 2007 ஆம் ஆண்டு விஸ்கொன்சினிலிருந்து வெளிவந்த ஓர் ஆய்வு சிந்திக்கத்தக்கது. அது திறந்த நீரில் உயிருள்ள இரையிட்டு மஸ்கி பிடிக்கும் முறையைப் பற்றியது. தூண்டிலை விழுங்கி, பின்னர் விடுவிக்கப்பட்ட மீன்களுள் முதற் சில வாரங்களில் இறந்தவை சிறு பகுதியே. ஓராண்டு முடிவதற்குள் இறந்தவையோ அதனிலும் பன்மடங்காயின. விழுங்கப்பட்ட தூண்டிலே இரு முறைகளுக்கும் பொதுவாதலால் இவ்வுண்மை பனிக்கட்டியின் மேல் நிற்பவரையும் சாரும். நலமாக நீந்திச் சென்றது என்பது நலமாக வாழ்ந்தது என்பதற்குச் சான்றாகாது. விட்டவர் கண்டது தொடக்கத்தை மட்டுமே.

3

இங்கு இரண்டு ஆட்சேபங்கள் எழலாம். முதலாவது, மீனுக்கு நோவு உண்டா என்பது. மெய்யியலில் இது பழைய வினா. சீன ஞானி சுவாங்சு ஒருமுறை தன் நண்பர் குய்சுவுடன் பாலத்தில் நின்றபோது, கீழே நீந்தும் மீன்கள் இன்புறுகின்றன என்றாராம். நீர் மீனல்லவே, அதன் இன்பத்தை எவ்வாறு அறிவீர் என்று நண்பர் கேட்க, நீர் நானல்லவே, நான் அறியேன் என்பதை எவ்வாறு அறிவீர் என்று சுவாங்சு திருப்பிக் கேட்டார். 1974 இல் தோமஸ் நேகல் வௌவாலை எடுத்துக்காட்டாகக் கொண்டு எழுதிய புகழ்பெற்ற கட்டுரையும் இதே இடர்ப்பாட்டை வேறு வகையில் முன்வைத்தது. பிற உயிரின் அகநிலை அனுபவத்தைப் புறநிலை விபரங்களைக் கொண்டு முற்றாக எட்ட முடியாது என்பது அதன் சாரம்.

விஞ்ஞானிகளிடையேயும் கருத்தொருமை இல்லை. மனிதனின் நோவுணர்வுக்கு அடிப்படையான மூளைப் புறணி மீனுக்கு இன்மையால் அது நோவை உணர்தல் இயலாது என 2002 இல் ஜேம்ஸ் ரோஸ் வாதிட்டார். அடுத்த ஆண்டே லின் சினெடன் முதலியோர், வானவில் டிரவுட் மீனின் முகத்தில் ஊறு உணரும் நரம்பு முடிவுகள் உள்ளன என்பதையும், உதட்டில் அசற்றிக்கமிலம் செலுத்தப்பட்டபோது அம்மீன் சரளைக்கல்லில் உதட்டை உரசியது, இரையுண்ணத் தாமதித்தது என்பவற்றையும் வெளிப்படுத்தினர். இப்பூசலைத் தீர்ப்பது இக்கட்டுரையாளனின் தகுதிக்கு அப்பாற்பட்டது. ஆயினும் அது தீரும்வரை அறவியல் காத்திருக்க வேண்டியதில்லை. இருட்குடிலில் இருப்பவனுக்கு நாம் விதித்த நெறியே இங்கும் பொருந்தும். நிழல் பைக்கா மஸ்கியா என்று ஐயமுற்றால் ஈட்டியை விடாதே என்று சொன்னோம். உணர்கின்றதா இல்லையா என்று ஐயமுற்றாலும், மீட்க முடியாத தீங்கின் முன்னே கையைத் தடுத்துக்கொள்ளுதலே முறை. மேலும் நோவு ஐயத்துக்குரியதாயினும் சேதம் ஐயத்துக்குரியதன்று. உறைந்த செவுளும் கிழிந்த குடலும், குளிர்காலத்துக்கென அளந்து வைத்த ஆற்றலைப் போராட்டத்தில் இழந்துவிட்ட உடலும் மீனுக்குத் தீங்கு என்பதை மறுக்க எந்த மூளைப் புறணி வாதமும் உதவாது.

இரண்டாவது ஆட்சேபம் இதனிலும் வலுவானது. பிடித்து விடுதல் என்னும் வழக்கமே மஸ்கியைக் காத்தது என்பர். அது பெரும்பாலும் உண்மை. 1966 இல் மினசோட்டாவில் தோன்றிய மஸ்கி மீன்பிடிப்போர் சங்கம், பிடித்த மீனைக் கொன்று வீட்டுக்குக் கொண்டுசெல்லும் பழக்கத்துக்கு எதிராக விடுவித்தலைப் பரப்பியது. 1950 இல் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நிறைவேறிய ஒரு சட்டம் மீன்பிடிக் கருவிகளின் மீதான வரியை மீன்வளப் பேணலுக்கு ஒதுக்கியது. பல ஏரிகளில் இன்று மஸ்கி இருப்பதே குஞ்சு பொரிப்பகங்களிலிருந்து மீன் விடப்படுவதால்தான். மீனைப் பிடிப்பவரே அதன் இருப்புக்குப் பணமும் செலுத்துகின்றார். மினசோட்டாவின் பெரும்பாலான நீர்நிலைகளில் 54 அங்குலத்திற்குக் குறைந்த மஸ்கியை வைத்துக்கொள்ள முடியாது. அதாவது, பிடிபடுபவற்றுள் ஏறத்தாழ எல்லாவற்றையும் விட்டுவிடச் சட்டமே கட்டளையிடுகின்றது.

இதற்கு நேர்மாறான நிலையை ஐரோப்பாவிற் காண்கின்றோம். ஜேர்மனியின் 1972 ஆம் ஆண்டு விலங்குப் பாதுகாப்புச் சட்டம், நியாயமான காரணமின்றி விலங்குக்கு நோவோ சேதமோ விளைத்தலைத் தடைசெய்கின்றது. உண்பதற்காக மீன்பிடித்தல் நியாயமான காரணம், விட்டுவிடுவதற்கென்றே பிடித்தல் அவ்வாறாகாது என்று அங்கு கொள்ளப்படுகின்றது. சுவிற்சர்லாந்து 2008 இல், விடுவிக்கும் நோக்குடன் மீன்பிடித்தலை ஒழுங்குவிதி மூலம் தடைசெய்தது. ஓரிடத்தில் விடாமை குற்றம். மற்றோரிடத்தில் விடுவதற்கெனப் பிடித்தல் குற்றம். இரண்டும் மீனின் பெயராலேயே செய்யப்படுகின்றன!

இம்முரண் மேலோட்டமானது என்பது என் கருத்து. மினசோட்டாவின் சட்டம் மஸ்கி என்னும் இனத்தை நோக்குகின்றது. சுவிற்சர்லாந்தின் விதி கையிலிருக்கும் தனி மீனை நோக்குகின்றது. இனம் நோவதில்லை, தனி மீனே நோகக் கூடும். ஆனால் தனி மீன் என்றோ மடியும், இனமே நிலைக்கும். இவ்விரு கடமைகளுள் ஒன்றைக் காட்டி மற்றையதைத் தீர்த்துவிட முடியாது. ‘இனத்தைக் காத்தேன்’ என்பவன், தான் துளைவழியே இழுத்த அந்த ஒரு மீனுக்கு இன்னும் விடை கூறவில்லை.

4

‘நான் மஸ்கியை நாடவில்லை, பைக்கையே நாடினேன்’ என்பவரது நிலையை இனி நோக்குவோம். அரிஸ்டோட்டில் நிக்கோமாக்கிய அறவியலின் மூன்றாம் நூலில் அறியாமையாற் செய்யப்படும் செயலை நுணுகி ஆராய்கின்றார். அறியாமையால் ஒன்றைச் செய்தவன், அறிந்தபின் அதற்காக வருந்தினாற்றான் அச்செயல் அவன் விருப்பத்துக்கு மாறானது எனப்படும். வருந்தாதவனுக்கு அவ்வுரிமை இல்லை. மேலும், தன் கவனமின்மையால் அறியாதிருப்பவன் அவ்வறியாமைக்கே பொறுப்பாளியாவான். இவ்வளவுகோலைக் கொண்டு நோக்கினால், முதன்முறை கொடிப்பொறியில் மஸ்கி அகப்பட்டபோது அது தற்செயல். அந்த ஏரியில் மஸ்கி உண்டு என்றும், அது குளிர்காலத்திலும் அருகே வரும் இரையைப் பற்றும் என்றும், விழுங்கிய தூண்டில் அதனை மெல்லக் கொல்லும் என்றும் அறிந்த பின்னர், அதே இடத்தில் அதே இரையை அதே முறையில் மீண்டும் இறக்குதல் தற்செயலாகாது. அறிவு பெருகப் பெருகத் தற்செயலின் எல்லை சுருங்குகின்றது. மீனின் நடத்தை பற்றிய அறிவைப் பிடிப்பதற்குப் பயன்படுத்திக்கொண்டு, பொறுப்பு என்று வரும்போது மட்டும் அறியாமையைச் சாட்டுதல் நேர்மையன்று.

காணப்படும் தீங்கையும் காணப்படாத தீங்கையும் நாம் ஒரே தராசில் நிறுப்பதில்லை என்பதையும் இங்கு சுட்டுதல் வேண்டும். 1837 ஆம், 1842 ஆம் ஆண்டுகளின் உடன்படிக்கைகள் வழிவந்த ஒஜிப்வே மக்களின் மீன்பிடி உரிமையை 1983 இல் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மேன்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அதன் பின்னர் வட விஸ்கொன்சினில், அவர்கள் வசந்தகாலத்தில் ஈட்டியால் மீன்பிடித்தபோது படகுத்துறைகளில் பெரும் எதிர்ப்புக் கிளம்பியது. அவ்வெதிர்ப்பில் இனவெறுப்புக் கலந்திருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. ஈட்டியின் குருதி எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. எத்தனை மீன் குத்தப்பட்டது என்பது எண்ணப்பட்டது. குத்தியவன் அதனைத் தன் வீட்டுக்கு எடுத்துச்சென்று உண்டான். தூண்டிலை விழுங்கி விடுவிக்கப்பட்டு மாதங்கள் கழித்து அடிநீரில் மடிந்த மீனையோ எவரும் எண்ணவில்லை. ஈட்டி முறை குறையற்றது என்பது இதன் பொருளன்று. கொன்றவன் தான் கொன்றதை அறிவான். விட்டவன் தான் கொன்றதை அறியாதிருக்கலாம். அறியாதிருத்தல் அவனைத் தூயவனாக்குவதில்லை என்பதே இதன் பொருள்.

அவ்வாறாயின் செய்யத்தக்கது யாது? மீன்பிடியையே ஒழித்துவிட வேண்டும் என்னும் முடிவுக்கு இவ்வாதம் நம்மை இட்டுச்செல்கின்றதா? சிலரை இட்டுச்செல்லலாம். என்னை அது அவ்வளவு தூரம் கொண்டுசெல்லவில்லை. வட நாட்டுக் குளிர்காலத்தில் உணவுக்காகப் பனிக்கட்டியின் மேல் நிற்கும் ஒருவரைக் கண்டிக்கும் தகுதி, கடல்மீன் கறியோடு சோறுண்ணும் எனக்கு இல்லை. ஆனால் விட்டுவிடுதலைக் கடமையின் முடிவாகக் கொள்ளாமல் நடுப்பகுதியாகக் கொண்டால், அதற்கு முன்னும் பின்னும் கடமைகள் உள்ளமை புலனாகும். மஸ்கி வாழும் இடமென்று தெரிந்தால் அங்கே பெரிய இரையை இறக்காமை, பொறியை விட்டு நீங்காமை, விழுங்குவதற்கு முன் பற்றக்கூடிய தூண்டில்களையே பயன்படுத்தல் ஆகியன முன்னைய கடமைகள். மீனை நீரிலிருந்து எடுக்காமலே விடுவித்தலும் ஒளிப்படத்தைத் துறத்தலும் அடுத்தவை. விட்ட பின், நிகழ்ந்ததை மறவாது அடுத்த முறை வேறிடத்துக்குச் செல்லுதல் இறுதியானது. இவை பெருந்தியாகங்களல்ல. எனினும் ஒவ்வொன்றும் இன்பத்தில் ஒரு சிறு பங்கைக் குறைக்கின்றது. இன்பத்தில் எதனையும் குறைத்துக்கொள்ளாத கருணை, கருணைதானா என்பதை அவரவர் தம்மைத்தாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

சுருங்கக் கூறின், விட்டுவிடுதல் ஒரு செயல். விடுபடுதல் ஒரு தீர்ப்பு. முன்னது நம் கையில் உள்ளது. பின்னதை நாமே நமக்கு வழங்கிக்கொள்ளுதல் பொருந்தாது. வட ஏரிகளில் இரவில் வெட்டப்படாத துளை காலைக்குள் மீண்டும் உறைந்துவிடும். மேலே நடப்பவனுக்கு அங்கே ஒரு துளை இருந்த அடையாளமும் புலப்படாது. கீழேயோ நீர் 4 பாகையில் நிற்கின்றது. வசந்தத்துக்கு இன்னும் பல வாரங்கள் உள்ளன. ஒரு மீன் தன்னிடம் எஞ்சியிருக்கும் ஆற்றலைக் கொண்டு அதுவரை தாக்குப்பிடிக்க முயல்கின்றது. அது தாக்குப்பிடித்ததா என்பதை நாம் ஒருபோதும் காணப்போவதில்லை. காணாத அவ்விளைவையும் நமது செயலின் பகுதியாக எண்ணிப் பார்க்கும் பழக்கமே அறத்தின் தொடக்கம் எனக் கொள்ளலாம்.